மரை போன ஸ்க்ரூ

சார்ஜ் போடோணுங்களா? வாங்க தம்பி, உள்ள வாங்க. கீழ இருக்கற ப்ளக்குல போட்டுக்குங்க. மேல இருக்கறதத் தொட்டுராதீங்க, அது ஆம்ப்ளிஃபயருக்குப் போகுது. சாமான் ரூம்பா இருக்குதேன்னு பாக்காதீங்க. அந்த அண்டாவக் கவுத்துப் போட்டு உக்காருங்க. ஒண்ணும் ஆவாது, உக்காருங்க.

மாப்ள ஊட்டு ஆளுங்களா? தீபன் கூட வேலை பாக்கறீங்களா? சரி சரி. நானு பொண்ணோட அக்கா ஊட்டுக்காரனுங்க. மூத்த மாப்ள. பேரு சென்னியப்பன். பெருந்துறையில எலக்ட்ரிக்கல் கடை வெச்சிருக்கறேன்.

மூத்த மாப்ள எதுக்கு அரிசி மூட்டைக்கும் வாழை எலைக்கும் நடுவுல உக்காந்திருக்கறான்னு ரோசனை பண்றீங்க. கேக்க மாட்டீங்கறீங்க. அது உங்க நல்ல மனசு. நானே சொல்றனுங்க. பந்தி நடக்கற ஹாலுல பாட்டு ஓடுதுங்கல்ல? அது இங்கிருந்துதான் போகுது. ஒரு பக்கம் முடிஞ்சா இசைத்தட்டத் திருப்பிப் போடோணும். வேற யாருகிட்டயும் இத நம்பிக் குடுக்க மாட்டாங்க. இந்தப் பாட்டு இல்லீன்னா இந்தக் கல்யாணமே இல்லீங்க தம்பி. சும்மா பெருமைக்குச் சொல்லல.

ஃபோனு இப்பத்தான ஏற ஆரம்பிச்சிருக்குது. இருங்க, சொல்றேன்.

எங்க மாமனாரு பெரியசாமி இருக்கறாரே, மில்லுல ஸ்பின்னிங் மாஸ்டரா இருந்து ரிடையர் ஆனவரு. ஊரே மாஸ்டர்னுதான் கூப்புடும். வாயில வார்த்தையே வராதுங்க. நான் அவரு பொண்ணு பூங்கொடியக் கட்டி பத்து வருசம் ஆச்சு. இந்தப் பத்து வருசத்துல எங்கிட்ட அவரு பேசுனது மூணே மூணு. "வாங்க மாப்ள." "சாப்புடுங்க மாப்ள." "போயிட்டு வாங்க மாப்ள." அந்த மூணாவது சொல்லும்போது மட்டும் மொகத்துல ஒரு தெளிச்சி இருக்கும். மத்தபடி சொவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு.

அவருகிட்ட இருக்கற ஒரே சொத்து இந்த ஆம்ப்ளிஃபயருங்க. தோ பாருங்க, எப்புடி இருக்குது! மரப்பொட்டி, முன்னாடி அலுமினியம், குமிழு ஒவ்வொண்ணும் கையில புடிச்சா கனமா இருக்கும். ஜப்பான்காரன் பண்ணுனது. எனக்கும் இதுக்கும் ஏறக்கொறைய ஒரே வயசு. மாஸ்டரு சாயந்தரமானா இதுல நாகசுரம் போட்டுட்டு உக்காந்துக்குவாரு. நான் போய்ப் பக்கத்துல உக்காந்து நாலு விசியம் பேசுனா, சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வெப்பாரு. காது மந்தமாயிருச்சுன்னு பூங்கொடிகிட்டச் சொன்னேன். டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போலாம்னேன். "அப்பாவுக்குக் காது நல்லாத்தான் இருக்குதுங்க"ன்னா. பொம்பளைங்களுக்கு அப்பன் மேல இருக்கற பாசத்துல எதுவும் தெரியறதில்லீங்க.

ஆம்ப்ளிஃபயரு நல்லா இருந்துச்சு. ஸ்பீக்கருதான் போயிருச்சு. உள்ள இருக்கற பேப்பரு கிழிஞ்சு கரகரன்னு சளி புடிச்ச மாதிரி. சரி, கொழுந்தியா சிந்துவப் பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு ஊடு நல்லா இருக்கட்டும்னு நானே புதுசா ஒரு ஜோடி ஸ்பீக்கரு வாங்கிட்டுப் போனேன். யாரும் கேக்கல. நானா வாங்கிட்டுப் போனது.

மாஸ்டரு பாத்தாரு. "விடுங்க மாப்ள. பழசே பாடட்டும்"னாரு. பாத்துக்குங்க, அது நாலாவது! எனக்குச் சந்தோசம் தாங்கல. "நீங்க உக்காருங்க மாமா, நான் பாத்துக்கறேன்"னுட்டேன்.

எனக்கு ஒயரு சோறு மாதிரிங்க தம்பி. ஆனா இங்க ஒரு சிக்கலு. இந்தக் காலத்து ஸ்பீக்கரு ஒயரு சுண்டுவெரலு மொத்தம் வருது. நுனியில பனானா பின்னுன்னு ஒண்ணு மாட்டியிருக்கறான். பேருதான் பழம். அது உள்ள போறதுக்கு ஓட்டை வேணும். இந்த ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாடி ஓட்டையே கெடையாது. வாங்க, பாருங்க. தெரியுதுங்களா? ஒரு கறுப்புப் பட்டை. அதுல நாலு பித்தளை ஸ்க்ரூ. அவ்வளவுதான். அந்தக் காலத்து ஒயரு நூலாட்டம் இருக்கும், ஸ்க்ரூவுல ஒரு சுத்துச் சுத்தி முடுக்குனா வேலை முடிஞ்சுது. இந்த மொத்த ஒயரு எங்க சுத்தும்? பின்ன வெட்டி எறிஞ்சேன். ரப்பரச் சீவுனேன். உள்ள செம்புக் கம்பி தொடப்பக்குச்சி மாதிரி விரிஞ்சு நிக்குது. அதுல ஒரே ஒரு கம்பி பக்கத்து ஸ்க்ரூவத் தொட்டாலும் போச்சு, மாஸ்டரு உசுரு பொகையாப் போயிரும். அதனால பாதிக் கம்பிய நறுக்கிட்டு மீதிய முறுக்குனேன்.

திம்பிள்னு ஒண்ணு இருக்குது. ஒயரு நுனியில வெச்சு நசுக்குனா, நாக்கு மாதிரி ஸ்க்ரூவுக்கு அடியில போய் உக்காந்துக்கும். எங்கடையில டப்பா டப்பாவா இருக்குது. கொண்டுட்டுப் போகல. போற எடத்துக்கெல்லாம் கடையத் தூக்கிட்டா போக முடியும்?

மாஸ்டரு ஊட்டு ஹாலுல ஒரு தேக்கு ஷோகேஸு. ஆளு ஒசரம். அதுல ஆம்ப்ளிஃபயரு, தட்டு சுத்தற ப்ளேயரு, தட்டுக, வெங்கலச் சாமான் எல்லாம். நாலு பேரு சேந்தாலும் நகத்த முடியாது. அதுக்கும் சொவத்துக்கும் நடுவுல ஒரு ஆளு பக்கவாட்டுல போற அளவுக்குச் சந்து. ஆளுன்னா ஒல்லியான ஆளு. நான் சட்டையக் கழட்டிப் போட்டுட்டு, லுங்கியும் பனியனுமா, வயித்த உள்ள இழுத்துட்டுப் போனேன். பூங்கொடிதான் பின்னாலயே வந்து டார்ச்ச நீட்டுனா. "எத்தன நேரம் ஆவுங்க?"ன்னா. "அஞ்சு நிமிசம்"னேன். டார்ச்ச வாயில கவ்வீட்டு வேலையப் பாத்தேன்.

கறுப்பு ஒயரு ரெண்டும் கெட்டியா நின்னுக்குச்சு. செவப்பு ஒயருக்கு இருக்கற ரெண்டு ஸ்க்ரூவுந்தான், மரை போயிருச்சுங்க. முடுக்க முடுக்கச் சுத்திட்டே இருக்குது, புடிக்கவே மாட்டீங்குது. சில பேரு பேச்சு மாதிரி. நாள் முழுக்கச் சுத்தும், ஒண்ணும் புடிக்காது. நீங்க பாத்திருப்பீங்க அந்த மாதிரி ஆளுக.

அந்த நேரத்துல வாசல்ல காரு வந்து நிக்குது. மூணு மணிக்கு வர்றோம்னு சொன்னவங்க ரெண்டரைக்கே வந்துட்டாங்க. நான் வெளிய வரலாம்னு ஒரு கால எடுத்து வெக்கறேன், கர்ர்ர்னு ஒரு சத்தம். திவான் கட்டிலக் கொண்டாந்து சந்து வாயில போட்டுட்டாங்க. வெளிச்சம் போச்சு. நானு உள்ள.

"பூங்கொடி... பூங்கொடி"ன்னு மெதுவாக் கூப்புட்டேன். வந்தா. திவானுக்கும் ஷோகேசுக்கும் நடுவுல மொகத்த வெச்சுக் குனிஞ்சு, "அங்கயே இருங்க. அசையாதீங்க. வாயத் தொறந்துராதீங்க. உங்களக் கும்புட்டுக் கேட்டுக்கறேன்"னா. சொல்லிட்டுப் போயிட்டா.

எனக்கு ஆத்தரமா வந்துச்சு. அப்பறம் நெனச்சுப் பாத்தேன். நாயந்தானுங்களே? ஒட்டடையோட லுங்கியில மூத்த மாப்ள திவான் மேல ஏறி வெளிய குதிச்சா நல்லாவா இருக்கும்? என் மானம் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கறா. அந்தத் திவான அங்க போடச் சொன்னதும் அவதான்னு பின்னால மாமியாரு சொன்னாங்க. ஒறம்பரைச் சனம் வந்த அவசரத்துல நான் உள்ள இருக்கறத மறந்துட்டா, பாவம். டார்ச்சக் கையில குடுத்துட்டு ஒரு நிமிசத்துல மறந்துட்டா. பொம்பளைங்களுக்கு ஊட்டுக்கு ஆளு வந்தா அப்புடித்தானுங்க.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, இதுக்கு முன்னால சிந்துவுக்கு மூணு எடம் வந்துச்சு. மூணும் தட்டிப் போச்சு. மூணுலயும் நான் முன்ன நின்னு பேசுனேன். மொதல்ல வந்த பையன் கிட்ட, "தம்பி, இது சொந்த முடியா, வெச்சதா?"ன்னு கேட்டேன். கேக்கோணுமில்லீங்களா? பின்னால தெரிஞ்சா யாரு பொறுப்பு? அவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க. ரெண்டாவதுக்கு நாங்க மாப்ள ஊடு பாக்கப் போனோம். சுச்சு போர்டத் தொட்டா ஜிவ்வுங்குது. எர்த்து இல்ல. "ஏனுங்க, உங்க ஊட்டுல பொண்ணக் குடுத்தா உசுரோட திருப்பிக் குடுப்பீங்களா?"ன்னு தமாசுக்குச் சொன்னேன். தமாசு தெரியாத சனங்க. மூணாவது அந்தப் பையனோட அம்மாவுக்கும் எனக்கும் ஒரு சின்ன விவாதம். அது சாப்பாட்டப் பத்தி, விடுங்க. மூணு எடத்துலருந்தும் சிந்துவக் காப்பாத்துனது நானு. யாராவது ஒரு வார்த்தை சொன்னாங்களா? மூணாவது போன அன்னிக்கு சிந்து ரூம்புக்குள்ள போயிக் கதவச் சாத்துனவ சாப்புடவே வரல. பூங்கொடி ரெண்டு நாளு எங்கிட்டப் பேசல. நல்லதுக்குக் காலமில்லீங்க.

என்னுங்க, ஃபோனப் பாக்கறீங்க? முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்குது. மேளக்காரங்க இன்னும் டீயே குடிக்கல, இப்பத்தான் அந்தப் பக்கம் போனாங்க. உக்காருங்க.

அந்தச் சந்துல நிக்கறது இருக்குதே, எதிரிக்கும் வரக் கூடாதுங்க. மூக்குக்கு நேரா தேக்குப் பலகை, ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால மட்டும் கை போற அளவுக்குத் தொறப்பு. முதுகுக்குப் பின்னால சொவரு. கையத் தூக்குனா எறக்க முடியாது, எறக்குனா தூக்க முடியாது. வேர்வை கண்ணுல எறங்குது, தொடைக்க வழியில்ல. பல்லி ஒண்ணு தோளுக்குப் பக்கத்துல சொவத்துல உக்காந்துட்டு என்னையே பாக்குது. பலகையில ஒயரு போறதுக்குன்னு ஒரு ஓட்டை இருந்துச்சு. தலையத் திருப்பி அதுல ஒத்தக் கண்ண வெச்சா, ஹாலுல ஒரு துண்டு தெரியும். சம்பந்தியோட முழங்காலு, காபி டம்ளரு, அவ்வளவுதான்.

ஹாலுல பேச்சே இல்லீங்க. உங்க தீபனோட அப்பா குமரேசன் அய்யாவும் பேச மாட்டாருன்னு உங்களுக்குத் தெரியுமே. எங்க மாஸ்டரும் பேச மாட்டாரு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு டம்ளரப் பாத்துட்டு உக்காந்திருக்கறாங்க. ஃபேன் சுத்தற சத்தம் கேக்குது. எனக்கு நாக்கு அரிக்குதுங்க! "என்னுங்க சம்பந்தி, மழை எப்புடி உங்க பக்கம்?"னு ஒரு வார்த்தை கேட்டா சபை கலகலத்துரும். கேக்க ஆளில்ல. போச்சு, நாலாவதும் போச்சுன்னு நெனச்சேன். நான் இல்லாத குறை அந்த ஹாலுல அப்புடித் தெரிஞ்சுது.

கொஞ்ச நேரம் கழிச்சு மாஸ்டரு எந்திரிச்சாரு. என்ன பண்றதுன்னு தெரியாத மனுசன் வேற என்ன பண்ணுவாரு? ஒரு தட்ட எடுத்துப் போட்டாரு. முள்ளு எறங்குது. சத்தம் வரல. எப்புடி வரும்? செவப்பு ஒயரு ரெண்டும் என் கையில இருக்குது. மரை போன ஸ்க்ரூ புடிக்காது. மாஸ்டரு குமிழத் திருப்பறாரு. ஒண்ணுமில்ல. திரும்பத் திரும்பத் திருப்பறாரு தம்பி, குமிழு கடகடங்கறது இந்தப் பக்கம் எனக்குக் கேக்குது. வந்தவங்க முன்னால இப்புடி ஆயிருச்சேன்னு.

நான் ரெண்டு ஒயரையும் அந்தந்த ஸ்க்ரூ மேல வெச்சு, ரெண்டு கட்டைவெரலாலயும் அமுக்குனேன்.

பாருங்க, வந்துச்சு நாகசுரம்! புது ஸ்பீக்கரு. ஊடே நெறைஞ்சு போச்சு. சந்துல எனக்கு மயிரு சிலுத்துக்கிச்சு. வெரல் சித்த நழுவுனா ஒரு பக்கம் செத்துரும், ரெண்டும் நழுவுனா எல்லாமே போச்சு. சத்தம் ஏறும்போது வெரலுல சுருசுருன்னு எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். புடிச்சேன்.

சம்பந்தி நிமுந்து உக்காந்தாரு. முழங்காலு தாளம் போட ஆரம்பிச்சுது. "இந்தத் தட்டு உங்ககிட்ட இருக்குதுங்களா?"ன்னாரு. அவ்வளவுதானுங்க. எங்க மாஸ்டரு பேச ஆரம்பிச்சுட்டாரு. நான் நம்பல! மில்லு சங்கு ஊதறது, நைட்டு ஷிஃப்ட்டு முடிஞ்சு சைக்கிளுல வர்றது, பஞ்சு காதுக்குள்ள போயி அடைச்சுக்கும்போது பாட்டுக் கேட்டாத்தான் அது தொறக்கும்ங்கறது, கூட வேலை பாத்த ஒரு மேஸ்திரி சிங்கப்பூர்லருந்து வந்த அண்ணங்கிட்டச் சொல்லி இந்தப் பொட்டிய வாங்கிக் குடுத்தது, அந்த மேஸ்திரி செத்தன்னிக்கு ராத்திரி முழுக்க இதத் தொடாம உக்காந்திருந்தது... தண்ணி மாதிரிப் பேசறாரு. சம்பந்தியும் பேசறாரு. பத்து வருசமா அந்த ஊட்டு மாப்ள நானு. இதுல ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது. எங்கிட்டச் சொல்லல பாத்தீங்களா? அப்புடி ஒரு அழுத்தக்கார மனுசன். நான் எவ்வளவு பேச்சுக் குடுத்திருப்பேன் அவருகிட்ட!

தட்டு முடிஞ்சா மாஸ்டரு திருப்பிப் போடுவாரு. அந்தச் சித்த நேரந்தான் வெரலுக்கு ஓய்வு. திரும்ப அமுக்கோணும்.

அப்பத்தானுங்க ஒரு சிரிப்பு கேட்டுச்சு.

பொம்பளைச் சிரிப்பு. கலகலன்னு, மூச்சு வாங்கி, "அய்யோ போதுங்க"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கற சிரிப்பு. யாருடா இதுன்னு நெனச்சேன். சிந்து இல்ல. மாமியாரு இல்ல. மாப்ள ஊட்டுப் பொம்பளைங்கள்ல யாரோன்னு நெனச்சேன். இப்புடிச் சிரிக்கறவ இருக்கற ஊடு நல்ல ஊடாத்தான் இருக்கும், பொண்ணக் குடுக்கலாம்னுகூட நெனச்சேன். சத்தியமா நெனச்சேன். அப்பறம் கழுத்தத் திருப்பி ஓட்டையில கண்ண வெச்சேன். பச்சைப் பொடவை முந்தானை ஒண்ணு குலுங்குது. அரக்குக் கரை. போன பொங்கலுக்கு நான் எடுத்துக் குடுத்தது.

பூங்கொடி ஊட்டுல சிரிக்க மாட்டாளான்னு கேக்கறீங்களா? சிரிப்பாளுங்க. நான் தமாசு சொன்னாச் சிரிப்பா. அது கொஞ்சமா, உதட்டுல இருக்கும்.

என்னமோ தெரியல, வெரலு வலிக்கறது அப்பத்தான் தெரிஞ்சுது.

அப்பறம் பையனும் பொண்ணும் தனியாப் பேசட்டும்னு எல்லாரும் பின்பக்கம் தோட்டத்தப் பாக்கப் போயிட்டாங்க. பாட்டு பாட்டுக்கு ஓடிட்டு இருக்குது. ரெண்டும் எங்க வந்து உக்காந்துதுகன்னு நெனைக்கறீங்க? அந்தத் திவான்லயே! என் மூச்சுக் காத்து அவங்க முதுகுல படும். தீபன் நல்ல பையனுங்க. மொதல் கேள்வியே, "உங்க அக்கா ஊட்டுக்காரரு வரலீங்களா? அவரப் பத்தி நெறையக் கேள்விப்பட்டோம்"னாரு. நம்ம பேரு அங்க வரைக்கும் போயிருக்குது பாருங்க. சிந்து, "மாமா ஒரு வேலையா இருக்கறாங்க"ன்னா. பையன் ஏதோ தயங்கித் தயங்கிக் கேட்டாரு, காதுல விழல. சிந்து சொன்னது விழுந்துச்சு. "மாமா கெட்டவங்க இல்லீங்க. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில நின்னாங்க. அவங்களுக்குப் பேசாம இருக்கத் தெரியாது, அவ்வளவுதான்"னா.

இது போதுமில்லீங்களா ஒரு மனுசனுக்கு? கெட்டவன் இல்லீன்னு கொழுந்தியா வாயால வந்திருச்சு.

அப்பறம், "எங்கக்காதான்..."ன்னு ஆரம்பிச்சா. அந்த நேரம் பாத்து நாகசுரம் நின்னு தவிலு தனியா எடுத்துருச்சுங்க. தடதடதடன்னு. ஷோகேஸே அதுருது. அக்காவப் பத்தி என்னமோ சொல்றா. நீளமாச் சொல்றா. நடுவுல குரலு ஒடையற மாதிரி இருக்குது. ஒரு வார்த்தையும் வெளங்கல.

வெரல எடுத்திருந்தாக் கேட்டிருக்கும். ரெண்டு வெரல், அவ்வளவுதான். எடுத்தா தவிலு நின்னுரும், அவ சொல்றது முழுக்க எங்காதுல விழும்.

நான் எடுக்கலீங்க.

இன்னும் கெட்டியா அமுக்குனேன். ஸ்க்ரூ வெரலுக்குள்ள எறங்கற அளவுக்கு அமுக்குனேன். பாட்டு நிக்கக் கூடாது பாருங்க. பாட்டுக்காகத்தான். வேற என்னத்துக்கு?

சாயந்தரம் அவங்க பூ வெச்சுட்டே போனாங்க. பாக்க வந்த அன்னிக்கே பூ வெக்கறதெல்லாம் லேசுல நடக்கற காரியமா? காரு கெளம்புனதுக்கப்பறம் திவான இழுத்தாங்க. என்னால நடக்க முடியல. காலு மரத்துப் போயி, ரெண்டு பேரு புடிச்சு வெளிய இழுத்தாங்க. கட்டைவெரலு ரெண்டுலயும் ஸ்க்ரூவோட கீறலு அப்புடியே பதிஞ்சு ரத்தம் கட்டியிருந்துச்சு. யாரும் சிரிக்கல. நான் சிரிப்பாங்கன்னு நெனச்சேன். மாஸ்டரு கிட்ட வந்து வெரலப் பாத்தாரு. எம்மொகத்தப் பாத்தாரு. "மாப்ள, இன்னிக்கு நல்லாப் பண்ணுனீங்க"ன்னாரு. அவரு கண்ணு கலங்கியிருந்துச்சுங்க.

பூங்கொடி தேங்காயெண்ணெ கொண்டாந்து தேச்சு விட்டா. மடியில எங்கைய வெச்சுட்டு, ஒவ்வொரு வெரலா. எங்கைய அவளாப் புடிச்சு எத்தன வருசம் ஆச்சுன்னு எனக்கு ஞாபகமில்ல. ஒரு கதை சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். "சித்த பேசாம இருங்களேன்"னா. கோவமா இல்லீங்க, மெதுவாச் சொன்னா. சித்த பேசாம இருந்தேன். எண்ணெ வாசம், அவ தலையில இருந்த மல்லி வாசம். அவ அழுதாளான்னு எனக்குத் தெரியல, தலை குனிஞ்சிருந்துச்சு. அப்பறம் எனக்குத் தாங்கல. திம்பிள் இருந்திருந்தா எவ்வளவு சுலபம்னு சொல்ல ஆரம்பிச்சேன். எண்ணெக் கிண்ணத்த எடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

அதுக்கப்பறம் பாருங்க, என் மதிப்பே வேற. நிச்சயத்துக்கும் இதே செட்டு, இதே நானு. மாடியில ஒரு ரூம்பு குடுத்துட்டாங்க. இன்னிக்கு மண்டபத்துலயும், "பந்திக்குப் பாட்டு மாப்ள பொறுப்பு, வேற யாரும் தொடக் கூடாது"ன்னு மாமியாரே சொல்லிட்டாங்க. மணவறைப் பக்கம் யாரு வேண்ணாலும் நிக்கலாமுங்க. இங்க நிக்க முடியுமா?

என்னுங்க? ஆமா, இப்பப் புது ஸ்க்ரூ போட்டாச்சு. திம்பிளும் போட்டாச்சு. நீங்க இழுத்துப் பாருங்க. இழுங்க, பரவால்ல. வராதுங்க. யானை இழுத்தாலும் வராது.

அப்பறம் எதுக்கு ஆளுன்னா... தட்டுத் திருப்பிப் போடோணுமில்ல. முகூர்த்த நேரத்துல பந்தியில யாரும் இருக்க மாட்டாங்கதான். எல்லாரும் மணவறைக்குப் போயிருவாங்க. அதுக்காகப் பாட்ட நிறுத்த முடியுங்களா? வெறும் ஹாலுன்னாலும் ஓடோணும். அது ஒரு மொறை.

இருங்க, யாரோ வர்றாங்க.

பூங்கொடியா? வா வா. இவரு தீபன் கூட வேலை பாக்கற தம்பி. நம்ம கதையத்தான் சொல்லிட்டு இருந்தேன். என்ன, மூச்சு வாங்குது? ... யாரு, சிந்துவா? என்னையா? ... மாமா வந்து பக்கத்துல நின்னாத்தான் மணவறையில உக்காருவேங்கறாளா? எல்லாரு முன்னாலயுமா சொன்னா? ... மாஸ்டரு என்ன சொன்னாரு? ... அவரும் கூட்டிட்டு வரச் சொன்னாரா.

பாட்டு? நான் வந்துட்டாப் பாட்டு என்ன ஆவும்?

நின்னா நிக்கட்டுமா? நீயா சொல்ற?

...

நான் வந்தா பேசிருவேன் பூங்கொடி.

இல்ல, கோவமெல்லாம் இல்ல. நெசமாச் சொல்றேன். அங்க அய்யரு இருப்பாரு, சம்பந்தி சனம் எல்லாம் இருக்கும், போட்டோக்காரன் நிக்கற எடம் சரியா இருக்காது. எனக்குத் தெரியும். பேசிருவேன். சிந்துகிட்டச் சொல்லு, மாமா இங்கிருந்தே ஆசீர்வாதம் பண்ணுனாங்கன்னு. நல்ல தட்டாப் போட்டு விடறேன், அதக் கேட்டுட்டு உக்காரச் சொல்லு. போ, நேரம் ஆவுது. அழுவாத, மையி கலையுது. முந்தானை தரையில இழுபடுது பாரு, தூக்கிச் சொருவிக்க. போ.

போயிட்டாளா?

நீங்களும் போங்க தம்பி. சினேகிதரு தாலி கட்டறப்பப் பக்கத்துல இல்லீன்னா எப்புடி? ஃபோன எடுத்துக்குங்க, பாதி ஏறியிருக்கும். ஒரு சின்ன ஒதவி. போகும்போது அந்தக் கதவச் சாத்திட்டுப் போங்க. இல்லீங்க, தாப்பாளெல்லாம் வேண்டாம். சும்மா சாத்துனாலே போதும்.